ஈ ஓட்டிய கை

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், புது உயர்நிலைப் பள்ளியை எங்கே கட்டுவது என்று மக்களையே கேட்க, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஜனநாயகம் வந்து இறங்கியிருக்கிறது. பந்தல் துணி வழியே விழும் வெயிலில் எல்லார் முகமும் மஞ்சளாக இருக்கிறது. “காலனிப் பக்கம் வேணுங்கிறவங்க பயப்படாம கை தூக்குங்க,” என்கிறார் அதிகாரி. பக்கத்து நாற்காலியில் சின்னச்சாமி. காலனியில் பாதிப்பேர் அவர் தோட்டத்தில்தான் கூலி வேலை பார்க்கிறார்கள். தோட்டத்தை ஒட்டிப் பள்ளி வந்தால் மனை விலை ஏறும் என்று காத்திருக்கிறார். காலனியிலிருந்து அங்கே போகக் கருவேலங்காட்டுப் பாதைதான். அந்தப் பாதைக்குப் பயந்துதான் தோட்டத்தையும் தாண்டியிருக்கும் பழைய உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பாமல், மூத்தவளை எட்டாவதோடு நிறுத்தினாள் முனியாயி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவள் பவதாரிணி இப்போது எட்டாவது. முனியாயியின் கை காதுவரை எழுகிறது. சின்னச்சாமி லேசாகச் செருமுகிறார். “என்ன முனியாயி, சாருகிட்ட என்னமோ சொல்லணுமாக்கும்?” முனியாயி கையை இறக்குகிறாள். “ஒண்ணுமில்லைங்கய்யா. ஈ ஓட்டுனேன்.” பந்தலில் ஓர் ஈகூட இல்லை. “அப்ப ஏகமனதாத் தோட்டத்துப் பக்கந்தான்! ஜோராக் கை தட்டுங்க!” என்கிறார் அதிகாரி. இப்போது எல்லாக் கைகளும் எழுகின்றன. முனியாயியின் ஒரு கையைப் பவதாரிணி நகம் பதிய இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மறு கையால், சின்னச்சாமிக்குத் தெரியும்படி, முனியாயி தன் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறாள்.