நவாபின் ஒன்பது சுற்று

"குதிரைக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா, மலையைச் சுத்தி ஊர்வலம் வுடச் சொல்றானா அந்த டாக்டரு? எந்தக் காலேஜ்ல படிச்சானாம்?"

கோதண்டராமன் பால் செம்பை ணங்கென்று வைத்தார். மாடு மிரண்டு ஒதுங்கியது.

பாஞ்சாலை முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "நடக்க நடக்கத்தான் கால் வீக்கம் வத்துமாம். தெனம் ஒரு சுத்து, ஒம்போது நாளைக்கு. அதுவும் வலப்பக்கமாவே திரும்பிப் போவணுமாம்."

"இடப்பக்கம் திரும்பினா இன்னா, அங்க எமன் நிக்கிறானா?"

"என்னைக் கேட்டா? ஊசி போட்டுட்டுச் சொன்னாரு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க."

டாக்டர் சொன்னது வேறு. தெருமுனை வரைக்கும் காலாற நடத்திக் கூட்டி வந்தால் போதும், மற்ற நேரமெல்லாம் படுத்துக் கிடக்கட்டும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது சுற்று என்பது பாஞ்சாலையின் வேண்டுதல். குதிரை நவாப் காய்ச்சலில் கொள்ளுத் தீனியைத் தொடாமல், பின்னங்கால் வீங்கித் தலை தொங்கி நின்ற கோலத்தைப் பார்த்து, டாக்டர் ஊசி போடும்போதே வாய்விட்டுக் கதறிவிட்டாள். "அண்ணாமலையாரே, இத்தைக் காப்பாத்து. என் வூட்டுக்காரரை ஒம்போது தடவை உன்னைச் சுத்தி வர வைக்கிறேன்!"

தான் நடப்பதாக நேர்ந்துகொண்டிருக்கலாம். ஆனால் குதிரை அவருடைய உயிர். கலெக்டர் ஆபீஸ் வாசலில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே வண்டியோடு நவாபை நிறுத்திவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே படியேறுகிற ஒரே குமாஸ்தா அவர்தான். அந்த மனுஷரோ அடி அண்ணாமலையிலேயே பிறந்து, ஒரு பௌர்ணமிக்குக்கூட மலையைச் சுற்றாதவர். வேண்டுதல் என்று உண்மையைச் சொன்னால் நடப்பாரா? நடக்காவிட்டால் குதிரை பிழைக்குமா?

மறுநாள் மூன்று மணிக்கே எழுந்தார். பால் கறந்தார். கரண்டு வந்த நேரம் பார்த்து வேர்க்கடலைக்குத் தண்ணீர் திருப்பினார். அப்புறம் நவாபின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் போனவர், எட்டு மணிக்குத்தான் திரும்பினார். பழைய சோற்றை நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு வேங்கிக்கால் ஆபீஸுக்கு பஸ் பிடித்தார். பைல் மேல் தூங்கி விழுந்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. சாயங்காலம் வந்தால் புல் அறுக்கணும், குதிரைக் காலுக்கு ஒத்தடம் கொடுக்கணும்.

இவ்வளவிலும் வாய் மட்டும் ஓயவில்லை.

"ஒரு கல்லு மலை. அது எழுந்து ஓடியா பூடப் போவுது? ராவும் பகலும் சுத்திச் சுத்தி வந்து காவல் காக்கறானுங்க!"

'நீயுந்தான்யா காவல் காக்கறே' என்று நினைத்துக்கொண்டு, பாஞ்சாலை சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"இன்னைக்கு ஒரு பட்டணத்துக்காரன், 'ஆஹா, குதிரைகூட கிரிவலம் வருதே'ன்னு நவாபுக்குக் கன்னத்துல போட்டுக்கறான். இதுக்கு இருக்கற அறிவுல கால்வாசி அவனுக்கு இல்ல."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இந்தச் சாமி காசு வாங்காது, ரெண்டு படி கொள்ளு வாங்கிக் குடுன்னேன். பக்தி பூடுச்சு. திரும்பிப் பாக்காம ஓடிட்டான்."

பதினாலு கிலோமீட்டர் நடையில் குதிரை துவண்டுவிடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் நவாப் ஒரு நாளும் வேர்த்து வரவில்லை. நொண்டிக்கொண்டு வந்தவர் இவர்தான். எல்லாம் அண்ணாமலையார் செயல் என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆறாம் நாள் நவாப் கொள்ளில் வாய் வைத்தது. ஒன்பதாம் நாள் கனைத்துக்கொண்டு தண்ணீர் வாளியை உதைத்துத் தள்ளியது.

பத்தாம் நாள் காலை வண்டி பூட்டிக்கொண்டு அவர் ஆபீஸ் போனதுதான் தாமதம், பாஞ்சாலைக்கு வாய் நிற்கவில்லை. தெருமுனையில் மோர்க்கடை போட்டிருக்கும் சரசுவிடம் ஓடினாள்.

"எங்க வூட்டுக்காரரைப் பெரிய அறிவாளின்னு ஊரே சொல்லுதே, தெரியுமா சரசு? அவரையே ஒம்போது சுத்து கிரிவலம் சுத்த வெச்சுட்டேன்டி! குதிரைக்கு வைத்தியம்னு ஒரு பொய்தான் சொன்னேன். மனுஷன் அப்பிடியே நம்பிக்கினு நவாபை இழுத்துக்கினு போறாரு, பாவம்!"

மோர் மொண்ட சரசுவின் கை அப்படியே நின்றது. "நவாபையா? அது எங்க போச்சு?"

"தெனம் மலையைச் சுத்தி வந்துச்சே!"

"நீ வேற அக்கா! ஒம்போது நாளும் அது எங்க கொட்டாயில படுத்துக்கினு புல்லு துன்னுச்சு. தெருமுனைக்கு மேல நடத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாராமே. இங்கருந்து போறப்பவே ஆபீஸ்ல எறங்கி, உன் வேண்டுதலையும் அண்ணனாண்ட சொல்லிச் சிரிச்சிட்டுத்தான் போனாராம். அண்ணன்தான் இத்தைக் கட்டிட்டு, செருப்பை அவுத்து வுட்டுட்டு, தனியா நடந்துச்சு. உன்னாண்ட மூச்சு வுடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற!"

பாஞ்சாலை விட்டுக்கொடுக்காமல் முகத்தை நொடித்தாள். "நடந்தா மட்டும்? வாயில சாமி பேரு வந்திருக்காது. வெறும்னே காலை வீசிக்கினு போயிருப்பாரு."

"வெறும்னேயா?" சரசு உதட்டைப் பிதுக்கினாள். "தெனமும் வூட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, நெத்தி நெறைய பூசியிருக்கற துன்னூறை என் குடத்துத் தண்ணியிலதான கழுவிக்கினு போச்சு!"