யானை கேட்ட கேள்வி

போனில் சத்தமே இல்லை.

அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். அந்தக் காதுதான் சரியில்லையோ என்று இந்தக் காதுக்கு மாற்றினான்.

ஊஹூம்.

"கண்ணு, லைன்ல இருக்கறயா?"

"இருக்கறனுங்கப்பா. மனசுக்குள்ள படிச்சுட்டிருக்கறேன். இனிமே வாய்விட்டுப் படிக்க வேண்டாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. முடிச்சதும் கேள்வி கேளுங்க."

சரி என்றான். வேறென்ன சொல்வான்?

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. பகலெல்லாம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்று நின்று காது இரண்டும் பாதி போய்விட்டது. அந்த இரைச்சலில் வாயைத் திறந்து புண்ணியமில்லை. துளையிடும் ராடை ஏற்று, இறக்கு, நிறுத்து, எல்லாம் கை ஜாடைதான். அதே பழக்கத்தில் மெஷினை நிறுத்திய பிறகும் உடன் வேலை செய்யும் நான்கு பேரும் பேசுவதில்லை. சோறு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூடக் கையைத்தான் ஆட்டுகிறார்கள். தின்றுவிட்டு ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு கூடாரத்தில் சாய்ந்துவிடுவார்கள்.

அவனுக்கென்று ஒரு நாளில் பேசுகிற குரல் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் தர்ஷிகா கதை வாசிக்கிற குரல்.

மூன்றாம் வகுப்பு. வாசிப்பைச் சும்மா சொல்லக் கூடாது, தறி ஓடுகிற மாதிரி ஓடும். முடித்ததும் கதை என்ன என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பாள்.

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வரியில் இருப்பதைக் கேட்டால் சொல்லிவிடுகிறாள், வரியில் இல்லாததை யோசிக்கவே மாட்டேன் என்கிறாள் என்றார். தினமும் ஒரு கதை வாசிக்கச் சொல்லுங்கள், நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேளுங்கள், பதில் தெரிந்த மாதிரி மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள் என்றார்.

அவன் அப்படியே செய்தான்.

"அப்பனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது சாமி. நீ படிச்சாத்தான் தெரியும்."

பொய். பச்சைப் பொய். பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரே கதைப் புத்தகத்தில் இரண்டு வாங்கியிருந்தான். மகளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவள் வாசிக்க வாசிக்க இங்கே அவன் விரல் வரிமேல் போய்க்கொண்டிருக்கும். காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் பாதி வார்த்தை அவனுக்கு எட்டாது.

ஐந்து மாதத்தில் பிள்ளை தேறிவிட்டாள். கரடி ஏன் அழுதது, குருவி ஏன் கூட்டை மாற்றியது, எல்லாம் டக் டக்கென்று சொல்கிறாள்.

ஒரே ஒரு கதையில்தான் மாட்டிக்கொண்டாள். ஒரு யானை தினமும் ஆற்றங்கரைக்கு வந்து, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தவளையிடம் கேட்கும். தவளை சொல்லும். யானை போய்விடும். மறுநாளும் வந்து அதே கேள்வி. அவ்வளவுதான் கதை.

யானை ஏன் கேட்டுக்கொண்டே இருந்தது?

மூன்று தடவை வாசித்தாயிற்று. மூன்று தடவையும் "அதுக்கு மறதிங்கப்பா" என்றுதான் சொன்னாள்.

இன்று நாலாவது தடவை. மனசுக்குள்.

தேறிவிட்டதால்தான் டீச்சர் மனசுக்குள் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல சேதிதான். சந்தோஷப்பட வேண்டிய மனுஷன், இனி அந்தக் குரல் கேட்காதே என்று உட்கார்ந்திருந்தான். இதற்கா இத்தனை பாடுபட்டோம் என்றிருந்தது அவனுக்கு. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

போனில் ஒரு தாள் புரளும் சத்தம். இவனும் ஒரு தாளைப் புரட்டினான்.

அவள் எந்த வரியில் இருக்கிறாளோ. விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கூடாரத்தில் ஒருவன் இவனைப் பார்த்துக் கையை ஆட்டினான். பேசி முடித்தாயிற்றா என்று அர்த்தம். இல்லை என்று இவனும் கையை ஆட்டினான்.

அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சாமி, ஒம்பதாம் பக்கத்துல தவளை என்னமோ சொல்லுதே, அதை மட்டும் கொஞ்சம் சத்தமாப் படியேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"ஒம்பதாம் பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் விரலைத் தாளிலிருந்து எடுத்தான்.

"உங்ககிட்டயும் இந்த புக் இருக்குதுங்களாப்பா?"

"ம்."

"மொதல்ல இருந்தேவா?"

"ம்."

இத்தனை நாள் ஏமாற்றினீர்களா என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவாள் என்று பயந்தான். வைத்துவிட்டால் அடுத்த சத்தம் நாளைக் காலை கம்ப்ரசர்தான்.

அவள் வைக்கவில்லை.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"யானைக்கு மறதி இல்லீங்கப்பா. ஆழம் அதுக்கு நல்லாத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு சாமி தினமும் கேக்குது?"

தாள்கள் திரும்பிப் புரளும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கதையின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது."

வாய்விட்டு. தறி மாதிரி இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, நன்றாகச் சத்தமாக.

அவன் தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.