விட்டுப்போன வரி

"மறுபடியும் விட்டுட்டீங்க!"

டீச்சர் தாள்களைப் போட்ட வேகத்தில், மேஜை மேலிருந்த பத்திர எழுத்தரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

முப்பத்தாறு வருடம் பிள்ளைகளின் நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்த கை. ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"இங்க என்ன வரணும்னு சொன்னேன்?"

"'மாற்ற முடியாத, மீட்க முடியாத, எக்காலத்திலும் ரத்து செய்ய முடியாத தானம்'னு சொன்னீங்க டீச்சர்."

"நல்லா ஒப்பிக்கிறீங்க. எங்க அது?"

எழுத்தர் தாளைப் புரட்டினார், கம்ப்யூட்டரைத் தட்டினார், தலையைச் சொறிந்தார்.

"பழைய ஃபைல் பிரிண்ட் ஆயிடுச்சு போலிருக்கு."

"முதல் தடவை கரண்ட் மேல பழி. போன தடவை பிரிண்டர் மேல. இன்னிக்கு ஃபைலா?"

இது மூன்றாவது நடை. இருக்கிற ஒரே வீட்டை ஒரே மகனுக்கு எழுதி வைக்க ஒரு தாய் இந்தப் பாடு படவேண்டுமா?

அந்த மகனோ பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடும்மா. ஒரு வரிதானே? இப்படியே கையெழுத்தைப் போடு. எனக்கு ஆபீசுக்கு நேரமாகுது."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வரியா? டேய், உங்க பெரியப்பா உங்க அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்துல அந்த ஒரு வரிதான் இல்ல. என்னமோ கோபம், ஒரே நாள்ல ரத்து பண்ணிட்டாரு. ஒன்றரை வயசுல உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு, தட்டுமுட்டுச் சாமானோட தெருவுல நின்னவ நான். நாளைக்கு உன்மேல கோபம் வந்து நானே பிடுங்கிட்டா?"

"நீயாவது, பிடுங்கறதாவது!"

"என் கோபம் எனக்குத் தெரியும். அந்த வரி இல்லாம பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டேன்."

மகன் எழுத்தரை ஒரு பார்வை பார்த்தான். எழுத்தர் சட்டென்று குனிந்து, கீழே விழுந்த பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

டீச்சர் கண்ணுக்கா தப்பும்? பரீட்சை ஹாலில் எத்தனை பிட் பிடித்த கண் அது!

"நீ போய் என் அடையாள அட்டையை ரெண்டு காப்பி எடுத்துட்டு வா" என்று மகனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இப்ப உண்மையைச் சொல்லுங்க. அவன் உங்களுக்கு என்ன ஜாடை காட்டினான்? ரெண்டு பேரும் சேர்ந்து என்ன நாடகம் ஆடுறீங்க?"

"ஐயோ, நாடகமெல்லாம் இல்ல டீச்சர். சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அந்த வாக்கை ரத்து பண்ணுங்க!"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இந்த அம்மாவிடம் இனி மறைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"முதல் நாளே உங்க பையன் தனியா வந்தாரு டீச்சர். 'அம்மா என்ன கத்தினாலும் அந்த வரியை மட்டும் எழுதாதீங்க. இன்னிக்கு நான் நல்லவன்தான். நாளைக்கு அவங்களையே வெளியே போகச் சொல்ற ஆளா மாறிட்டா, வீட்டைத் திருப்பி வாங்கிக்க அவங்களுக்கு ஒரு வழி இருக்கணும்'னாரு."

டீச்சர் சிவப்பு வட்டம் போட்ட பக்கத்தைத் தாண்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்குத் தாளைத் திருப்பினார்.

பிறகு பேனா மூடியைத் திறந்தார்.