தேய்த்த பக்கம்

"துணியால ரெண்டு தேய் தேச்சாலே உங்க கோட்டிங் உரிஞ்சு வந்துரும். போன மழைக்குத்தான் பார்த்தோமே" என்றார் சிவகுருநாதன்.

தெருக் கேமராக்களுக்கு மழை மூடி வாங்கும் கம்பெனியின் இன்ஜினியர் அவர். தாராவியில் கரீம் பாட்சாவின் தோல் பட்டறை இப்போது சிலிகோன் மூடியும் செய்கிறது. மேலே பூசிய பூச்சு உரிந்து, தண்ணீர் ஒட்டி, போன வருடம் மால் மொத்தமும் திரும்பி வந்தது. மூன்று தலைமுறையில் அந்தக் குடும்பத்துச் சரக்கு திரும்பி வந்தது அதுவே முதல் முறை. இன்னொரு முறை வந்தால் வாசலில் இருக்கும் வாப்பாவின் பெயர்ப் பலகையை இறக்கிவிடுவதாகக் கரீம் பாட்சா ஜமாத்தில் சொல்லியிருந்தார்.

கெமிஸ்ட்ரி படித்த மருமகள் ஹாஃபிஸா புதிய சிலிகோன் ஷீட்டை மேசையில் வைத்தாள். கரீம் பாட்சா தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"இருங்க மாமா. முதல்ல சார் தேச்சுப் பார்க்கட்டும். துணி வேணாம் சார், இந்தாங்க, தோலுக்குப் போடுற உப்புத்தாள்."

கரீம் பாட்சா சொம்போடு அவள் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள, நம்ம பேரை நாமளே சுரண்டவா?"

"நீங்களா கேட்டது. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று சிரித்த சிவகுருநாதன், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஷீட்டின் ஒரு பாதியை அழுத்தித் தேய்த்தார். பளபளப்பு போய் வெளுத்தது. நெற்றி வியர்த்த பிறகுதான் நிறுத்தினார்.

"இப்ப ஊத்துங்க பாய்."

தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, நிற்க இடம் கிடைக்காததுபோல் உருண்டு ஓடியது. சிவகுருநாதன் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. விடாமல் மறுபடி தேய்த்தார். மறுபடியும் ஓடியது.

"பக்கா. இந்த மழைக்கு மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்" என்றார் மூச்சு வாங்க. "என்ன பூச்சும்மா இது? இவ்வளவு தேச்சும் போகலையே?"

ஹாஃபிஸா சொம்பை வாங்கித் தேய்க்காத பாதியில் ஊற்றினாள். தண்ணீர் அங்கேயே அப்பிக்கொண்டு நின்றது.

"பூச்சே கிடையாது சார். தண்ணி ஒட்டாத பொடியை உள்ளேயே கலந்துட்டோம். தோலுக்கு மாமா செய்ற மாதிரி மேல் பளபளப்பைத் தேச்சு எடுத்தாத்தான் பொடி வெளிய வரும். அந்தக் கடைசி வேலையைத்தான் இப்ப நீங்க செஞ்சீங்க."

கரீம் பாட்சா உப்புத்தாளை எடுத்து நீட்டினார். "மீதிப் பாதியையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க சார்."