முகம் பொன்ராஜ், கை சோலை

“மேடம், சேலைய இன்னும் கொஞ்சம் டார்க்கா அடிக்கணும். அந்த ஆளுகிட்டச் சொல்லிருங்க” என்றான் பொன்ராஜ்.

அந்த ஆள் இரண்டடி தள்ளி, அதே படத்துக்கு முன்னால்தான் நின்றிருந்தான். பெயர் சோலை. பொன்ராஜின் மனைவி காளீஸ்வரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அருப்புக்கோட்டையில் இருவரும் சேர்ந்து படம் வரைந்த காலத்தில் முகம் பொன்ராஜுக்கு, கையும் துணியும் சோலைக்கு. ஒரு எம்.எல்.ஏ.வின் மூக்கைச் சோலை கேட்காமல் திருத்தப்போக, ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காளீஸ்வரிக்கும் பிறந்த வீடு இல்லாமல் போனது.

ஜெனிவாவில் தூதராக இருக்கும் பிரவீணா, பரளச்சியில் அப்பா வீட்டுக்கு லீவில் வந்திருந்தார். ஆபீஸில் மாட்ட அதிகாரப்பூர்வமான ஓவியம் வேண்டும், பத்தே நாள், இருவரும் சேர்ந்து வரைந்தால்தான் ஆர்டர் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உலகமே பார்க்கப்போகும் படம். வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும். பொன்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

இரண்டு நாட்டுச் சண்டையைப் பேசி நிறுத்திய அந்த மேடம், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, இவன் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவனுக்கும் சலிக்காமல் சொன்னார். அந்தப் பொறுமையைப் பார்த்துப் பொன்ராஜுக்கே கூச்சமாகிவிட்டது.

எட்டாம் நாள் வாய் சரியாக அமையவில்லை. மூன்று தடவை அழித்தான். போன் வந்து மேடம் உள்ளே போயிருந்தார். சொல்லிவிட ஆள் இல்லை.

“மாப்ள, கீழ் உதட்டுல லேசா வெளிச்சம் குடு” என்றான் சோலை, படத்தைப் பார்த்தபடியே.

பொன்ராஜ் அவன் பக்கம் திரும்பினான். பிறகு பிரஷ்ஷை நீட்டினான்.

“நீங்களே குடுங்க மச்சான்.”

பத்தாம் நாள் படத்துக்குள் பிரவீணா இப்போதே பேசிவிடுவார் போல உட்கார்ந்திருந்தார். இதை ஜெனிவாவில் எந்தச் சுவரில் மாட்டுவார்கள் என்று பெருமை தாங்காமல் கேட்டான் பொன்ராஜ்.

பிரவீணா செல்போனைத் திருப்பிக் காட்டினார். பெரிய ஹாலில், சட்டம் போட்ட அவருடைய ஓவியம். வேறு யாரோ வரைந்தது.

“ஆபீஸ் படம் போன வருஷமே மாட்டியாச்சுண்ணே. இது பரளச்சி வீட்டுக்கு” என்றார். “காளீஸ்வரியும் நானும் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. ‘உலகத்துச் சண்டையெல்லாம் தீத்துவைக்கிறியே, எங்க வீட்டுச் சண்டைய எப்பத் தீக்கப்போற’ன்னு அவதான் கேட்டா.”