பதினெட்டு கிலோ

ஹெலிகாப்டர் நின்ற தராசின் எடைப் பலகையில் எழுநூறு என்று எரிந்தது.

எழுநூறு கிலோ. கிளம்ப அனுமதி உள்ள எடை, இம்மி பிசகாமல் அதுதான்.

பரஞ்சோதி சார் கை தட்டினார். முதலாளி தட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கொட்டகையே தட்டியது.

இன்ஜினியரான அவள் மட்டும் தட்டவில்லை.

நேற்று வரை எழுநூற்றுப் பதினெட்டு. டீசல் என்ஜின், அது ஓட்டும் ஜெனரேட்டர், அந்த மின்சாரத்தில் விசிறியைச் சுற்றும் மோட்டார், துணைக்கு பேட்டரி. ஒரு ஹெலிகாப்டருக்குள் இரண்டு வண்டிச் சாமானை ஏற்றினால் எடை கூடாமல் என்ன செய்யும்? மூன்று வருஷமாக அவள் மாரடித்தது இந்தப் பதினெட்டோடுதான்.

இன்று காலை சார் பேட்டரியில் பாதியைக் கழற்றச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பதினெட்டும் தீர்ந்தது.

டீசல் நடுவானில் நின்றுபோனால் கீழே இறக்க வேண்டியது அந்த பேட்டரிதான். முழுசாக இருந்தால் நாற்பது விநாடி தாங்கும். இப்போது இருபது.

நூறு அடியிலிருந்து பத்திரமாக இறங்க முப்பது வேண்டும்.

வெளியே பந்தலில் விருந்தாளிகள் காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே நூறு அடியில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பதுதான் இன்றைய வேடிக்கை.

நிற்கப்போவது பைலட் செல்வின்.

அவள் சொல்லாமல் இல்லை. காலையிலேயே சாரிடம் சொன்னாள்.

“டீசல் இதுவரைக்கும் நின்னிருக்கா? பேசாம கையெழுத்தப் போடு. இல்லன்னா நாளையிலேருந்து வராத.”

பறக்கலாம் என்ற தாளில் போட்டாள். பாழாய்ப்போன கை, போட்டுவிட்டது.

பைலட் இருக்கையில் செல்வின் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சிரித்தார். அந்த எழுநூறில் அவரும் எழுபத்திரண்டு கிலோ.

“நீ கையெழுத்துப் போட்டாச்சுல்லம்மா? அப்புறம் எனக்கென்ன பயம்!”

வாயைத் திறந்தாள். செல்வினுக்குப் பக்கத்திலேயே சார் நின்றார், அவளையே பார்த்தபடி.

வாய் மூடிக்கொண்டது.

கால்தான் நகர்ந்தது. ஹெலிகாப்டரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கதவைத் திறந்தாள். காலி இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள்.

பலகையில் எழுநூற்று ஐம்பத்து நான்கு.

கைதட்டல் நின்றது.

“ஏய், என்ன பண்ற? இறங்கு!” சார் கத்தினார்.

அவள் இறங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்கண்ணாடியை வெறித்துப் பார்த்தபடி இருந்தாள்.

செல்வின் பலகையைப் பார்த்தார். பேட்டரிப் பெட்டி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பாதி காலியாக இருந்தது. பிறகு வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார்.

தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கி, சாரைத் தாண்டி வாசல் பக்கம் நடந்தார்.

பலகையில் எண் விழுந்தது. அறுநூற்று எண்பத்திரண்டு.

சார் அவள் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

அவளும் இறங்கத்தான் பார்த்தாள். பெல்ட் கழலவில்லை. அப்படி இறுக்கியிருந்தாள்.