ஒன்றிலிருந்து ஏழு வரை

காட்டாங்குளத்தூர் கல்லூரியில், வரைபடங்களின் அழகை அளக்கும் ஆய்வுக்கு ஓர் ஆள் குறைகிறது; அறை பெருக்கித் துடைக்க வந்த கங்கம்மாவையே திரைமுன் உட்கார வைக்கிறார்கள். திரையில் பெரும்பாக்கத்து வெள்ளத்தின் வரைபடம். ஆழம் கூடக்கூட நீலம் கருத்து, மயில் கழுத்தாய் மின்னுகிறது. கீழே ஒன்று முதல் ஏழு வரை பொத்தான்கள். "எவ்ளோ அழகுன்னு மார்க் போடுங்கக்கா," என்கிறான் ஆய்வு மாணவன் ஜெரோம். கையிலிருக்கும் துடைப்பத்தை அவள் கீழே வைக்கவில்லை. மிகக் கருத்த இடத்தில் ஈரவிரலை ஊன்றுகிறாள். "இது எங்க தெரு. நெறமாச மருமவள அண்டால ஒக்கார வச்சு இதுலதான் தள்ளிக்கினு போனேன்." ஜெரோம் கடிகாரத்தைப் பார்க்கிறான். "அதெல்லாம் வேணாங்கக்கா. பாக்க எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லுங்க." "அழகாத்தான் கீது!" கங்கம்மாவின் குரலில் அறையே திரும்பிப் பார்க்கிறது. "அதான்யா பத்திக்கினு வருது எனக்கு."